தோல்மடிப்பு அளவீடு

தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, அந்த மடிப்பின் தடிமனைக் காலிப்பர் கருவியால் மில்லிமீட்டரில் அளந்து, உடலின் மொத்தக் கொழுப்பை மதிப்பிடும் முறை. உடற்கொழுப்பில் கணிசமான பங்கு தோலுக்கடியில் தங்குகிறது என்பதே இதன் அடிப்படை.

அளக்கும் முறை

மேற்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஆகிய நான்கு இடங்களில் பொதுவாக அளக்கிறார்கள். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மடிப்பைத் தசையிலிருந்து விலக்கித் தூக்கி, விரல்களுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கருவியைப் பொருத்த வேண்டும். கருவியின் தாடைகள் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிராம் என்ற மாறாத அழுத்தம் தருவது அவசியம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.

கணக்கீடு

டர்னின், வோமர்ஸ்லி இருவரும் 1974இல் வெளியிட்ட சமன்பாடுகள் நான்கு மடிப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து உடல் அடர்த்தியைத் தருகின்றன. 495ஐ அந்த அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம் கிடைக்கும். இது சிரி வகுத்த சூத்திரம். கூட்டுத்தொகை 40 மி.மீ. என்றால், இருபதுகளில் இருக்கும் ஆணுக்கு ஏறத்தாழ 16 சதவீதம். அதே வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 24 சதவீதம்.

இந்தியருக்கு ஏன் முக்கியம்

எடை பார்க்கும் இயந்திரம் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தண்டையார்பேட்டைக்காரரும் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்யும் அவர் அண்டைவீட்டாரும் ஒரே உயரம், ஒரே எடை இருக்கலாம். உடற்கொழுப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புனே அருகே சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, மற்றவர்களுடையது 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும், தோள்பட்டைக்குக் கீழுள்ள மடிப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலிலும் கொழுப்பு காக்கப்படும் இவ்வியல்பு பிற்கால நீரிழிவோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

தண்டையார்பேட்டைக்குத் தெற்கேயுள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை பின்னர் நீரிழிவுக்கான மருத்துவமனையானது. நீரிழிவுச் சிகிச்சையில் இத்தனை நீண்ட மரபுள்ள வடசென்னையில், ஒல்லியாக இருப்பதே நலம் என்ற நம்பிக்கையை இவ்வளவீடு திருத்த உதவும்.

வரம்புகள்

குடலைச் சுற்றிய உட்கொழுப்பை இம்முறை நேரடியாக அளப்பதில்லை. எனவே இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர் அளந்தாலும் 3 முதல் 4 சதவீதப் புள்ளிகள் பிழை வரலாம். மேலைநாட்டவரிடம் உருவான சமன்பாடுகள் இந்திய உடல்களுக்கு அப்படியே பொருந்துவதுமில்லை. ஆகவே சதவீதத்தைவிட, ஒரே ஆள் ஒரே இடங்களில் சில மாத இடைவெளியில் அளந்த மில்லிமீட்டர் மாற்றமே நம்பத்தக்க வழிகாட்டி.