மிசிசிப்பி மாநிலத்தின் புகழ்பெற்ற மனிதர்கள்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி, 1817-இல் அந்நாட்டின் 20ஆவது மாநிலமானது. 2020 கணக்கெடுப்பிலும் அதன் மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் அங்கே பிறந்தவர்களின் பெயர்களை எடுத்தால் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கலையின் பெரும்பகுதி கண்முன் வருகிறது: நாவலாசிரியர்கள் வில்லியம் ஃபாக்னர், ரிச்சர்ட் ரைட், கதையாசிரியர் யுடோரா வெல்ட்டி, நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ், ப்ளூஸ் இசைக் கலைஞர்கள் ராபர்ட் ஜான்சன், மடி வாட்டர்ஸ், பி.பி. கிங், ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, ஓபரா பாடகி லியோன்டின் பிரைஸ், தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரி. இத்தகைய பட்டியல்களுக்குப் பிறந்த ஊரே வழக்கமான அளவுகோல். அது எளிது, ஆனால் போதாது. குடும்பத்தோடு சிறுவயதிலேயே செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய்விட்ட வில்லியம்ஸை அது சேர்த்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் பிறந்தாலும் மிசிசிப்பிக் கடற்கரை ஊரான டிலைலில் வளர்ந்து, அந்த மண்ணையே எழுதி, தேசியப் புத்தக விருதை 2011-இலும் 2017-இலும் பெற்ற ஜெஸ்மின் வார்டை வெளியே நிறுத்துகிறது. இதைவிடப் பெரிய குறை, அங்கே பிறந்தவர்களில் யாரால் அங்கேயே வாழ முடிந்தது, யார் வெளியேற நேர்ந்தது என்பதை அது மறைப்பது. அந்தக் கேள்வியோடு படித்தால்தான் மிசிசிப்பியின் பெயர்ப் பட்டியல் அதன் வரலாறாகத் தெரியும்.

ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறு நகரமே இதற்கு நல்ல சான்று. 1897-இல் நியூ ஆல்பனியில் பிறந்த ஃபாக்னர் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேதான் கழித்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. முதல் உலகப் போரின்போது கனடாவில் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். களம் காணும் முன்பே போர் முடிந்தது. ஆயினும் முன்னாள் படைவீரருக்கான சலுகையில் 1919-இல் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் அவரை மாணவராகச் சேர்த்துக்கொண்டது. சில பருவங்களிலேயே அவர் படிப்பைக் கைவிட்டார்; பிறகு அந்த வளாகத்தின் அஞ்சல் நிலையத்திலேயே அவருக்கு வேலையும் கிடைத்தது. 1933-இல் காசியஸ்கோவில் பிறந்த ஜேம்ஸ் மெரிடித்தும் முன்னாள் படைவீரர்தான். விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். கல்லூரிப் படிப்பிலும் பாதிவழி வந்திருந்தவர். அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கதவைச் சாத்தியது. காரணம் அவருடைய தோலின் நிறம். நீதிமன்ற ஆணையோடு 1962 செப்டம்பர் 30 அன்று அவர் வளாகத்துக்குள் வந்த இரவில் கலவரம் மூண்டு இருவர் உயிரிழந்தனர். ஊரை அடக்க ஆயிரக்கணக்கான கூட்டாட்சிப் படையினர் தேவைப்பட்டனர். ஃபாக்னர் இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவருடைய மேதைமையில் எனக்கு ஐயமில்லை. அந்த மண்ணின் நிறவெறிக் குற்றத்தை அவர் நாவல்கள் தோண்டிக் காட்டின. ஆனால் சொந்த ஊரில் தடுமாறவும், திரும்ப எழவும், மெல்ல முதிரவும் கிடைத்த இடம் அவருக்குப் பிறப்பால் வந்தது. மெரிடித்துக்கு அது படைபலத்தோடுதான் கிடைத்தது.

சிற்றூரில் பிறந்த திறமைசாலி பெருநகரம் போவது உலக வழக்கம்தானே, இதில் மிசிசிப்பியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. டுபலோவில் பிறந்த எல்விஸின் குடும்பம் 1948-இல் மெம்ஃபிஸ் நகருக்குப் போனது பிழைப்புத் தேடித்தான். எந்திரங்களும் ஆட்களை வெளியே தள்ளின: 1944-இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் எந்திரம் மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது, கைகளால் பருத்தி பறித்துப் பிழைத்தவர்களுக்கு அதன்பின் அங்கே வேலை குறைந்துகொண்டே போனது. ஆனால் வறுமை மட்டும்தான் காரணம் என்றால், சட்டம் ஏன் அவ்வளவு பாடுபட்டது? 1890-இல் எழுதிய மாநில அரசியலமைப்பு, வாக்குவரியையும், சட்டப்பிரிவை வாசித்துப் பொருள் சொல்லும் தேர்வையும் கொண்டு கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு அப்பால் நிறுத்தியது. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, தகுதியுள்ள கறுப்பின வாக்காளர்களில் பதிவு பெற்றிருந்தவர்கள் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர்தான். சட்டம் வந்த இரண்டே ஆண்டுகளில் அது பாதியைத் தாண்டியது. ஊரைவிட்டுப் போனவன் மேலான வாழ்க்கையைத் தேடிப் போனான் என்பது மெய்தான்; அந்த வாழ்க்கையை ஊரிலேயே அமைத்துக்கொள்ள முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தான் என்பதும் மெய். தென்மாநிலங்களிலிருந்து 1910களுக்கும் 1970க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வெளியேறினார்கள். நாட்செஸ் அருகே 1908-இல் பிறந்த ரைட், சிகாகோ, நியூயார்க் வழியாகப் பாரிஸ் சென்று 1960-இல் அங்கேயே இறந்தார்.

இன்னொரு வாதம் இதைவிட ஆபத்தானது: அந்தத் துயரம் இல்லையென்றால் ப்ளூஸ் பிறந்திருக்காது, ஆகவே துன்பமே கலையின் தாய் என்பது. இதை நான் ஏற்கவில்லை. துன்பம் இசையைத் தராது. துன்பத்திலும் இசையை விடாத மனிதர்கள்தான் தந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நம் காதுக்கு எட்டினார்கள் என்பது தற்செயலாக அமைந்தது. 1941-இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகவும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்காகவும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்டோவால் பண்ணைக்கு வந்தார்கள். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் தம் குரலை அதில் கேட்டார். 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். 1950-இல் அவர் பதிவுசெய்த ஒரு பாடலிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1938-இல் 27 வயதில் கிரீன்வுட் அருகே இறந்த ராபர்ட் ஜான்சன் விட்டுச்சென்றது 29 பாடல்கள்; அவையும் டெக்சஸில் பதிவானவை. அவர் புதைக்கப்பட்ட இடம் என்று மூன்று கல்லறைக் கற்கள் நிற்கின்றன. இத்தனை புகழ்பெற்றவருக்கே இந்த நிலை என்றால், ஒலிப்பதிவுக் கருவி போகாத பண்ணைகளில் எத்தனை கலைஞர்கள் பெயரில்லாமல் மடிந்திருப்பார்கள்! அவர்களைக் கணக்கில் எடுத்தால் துன்பம் கலையை வளர்த்தது என்று சொல்ல வாய் வராது.

ஆகவே தங்கிப் போராடியவர்களைப் பட்டியலின் ஓரத்தில் வைக்கக்கூடாது. ரூல்வில் அருகே பருத்திப் பண்ணையில் உழைத்த ஃபேனி லூ ஹேமர், 1962-இல் வாக்காளராகப் பதியப் போன அன்றே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் கடுமையாக அடிக்கப்பட்டார். 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் சொன்ன சாட்சியத்தைத் தொலைக்காட்சி வழியே நாடே கேட்டது. பிறகும் அவர் மிசிசிப்பியை விட்டுப் போகவில்லை. தலைநகர் ஜாக்சனில், கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தை நடத்திய மெட்கர் எவர்ஸ் 1963 ஜூன் 12 அன்று தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தது 1994-இல். அதே நகரில் வாழ்ந்த வெள்ளையரான வெல்ட்டி, செய்தி கேட்டதும், கொலையாளியே பேசுவதாக ஒரு சிறுகதை எழுதினார்; அடுத்த மாதமே அது ‘நியூயார்க்கர்’ இதழில் வெளிவந்தது. பெற்றோர் 1925-இல் கட்டிய வீட்டிலேயே வெல்ட்டி 2001 வரை வாழ்ந்து முடித்தார். எவர்ஸ் தம் வீட்டில் ஏழு ஆண்டுகள்தான் வாழ்ந்தார். இரண்டு வீடுகளும் இன்று ஜாக்சனில் நினைவிடங்களாக இருக்கின்றன.