ஆதாம் விழுவதற்கு முன்பா, பின்பா? டோர்ட் தீர்மானங்கள் பிறந்த கதை

1555ஆம் ஆண்டு தியோடர் பெசா என்ற பிரெஞ்சு இறையியலாளர் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் படம். உச்சியில் கடவுள். அவருக்குக் கீழே அவருடைய நித்தியத் தீர்மானம். அங்கிருந்து இரண்டு கிளைகள். மீட்புக்கென்று தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் ஒரு பக்கம், தள்ளப்பட்டவர்கள் மறுபக்கம். இப்படிக் கிளை பிரிந்த பிறகுதான், இன்னும் கீழே, மனிதன் படைக்கப்படுகிறான். அதற்கும் கீழே பாவத்தில் விழுகிறான். பிறகு ஒரு பக்கம் அழைப்பு, விசுவாசம், பரிசுத்தம் என்று இறங்குகிறது. மறுபக்கம் கடினப்பட்ட மனம், பாவம், தண்டனை என்று இறங்குகிறது. அடியில் இரண்டும் கடவுளின் மகிமையில் போய்ச் சேர்கின்றன.

அந்தப் படத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் விரல் தானாக நின்றுவிடும். யார் எந்தப் பக்கம் என்பது ஏதேன் தோட்டத்துக்கு முன்பே முடிவாகியிருக்கிறது. அப்படியானால் விலக்கப்பட்ட கனியை நோக்கி ஏவாள் கை நீட்டினாளே, அது யாருடைய விருப்பம்?

பெசா கல்நெஞ்சக்காரர் அல்லர். ஜெனீவாவில் சீர்திருத்தத் தலைவர் கால்வினுக்குப் பின் சபையைத் தாங்கி நின்றவர். அகதிகளாக வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு, அரசர்கள் துரத்தினாலும் கடவுளின் பிடி தளராது என்று சொல்ல வேண்டிய காலம் அது. நம் மீட்பு நம் கையில் இல்லை, அவர் கையில் இருக்கிறது என்பது துன்பப்படுகிறவனுக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைத் தர்க்கத்தின் கடைசிப் படி வரைக்கும் கொண்டுபோனால் பெசாவின் படம் வந்து நிற்கிறது. வீடு கட்டுகிறவன் குடியிருப்பதை முதலில் நினைக்கிறான், செங்கல் பிறகுதான் வருகிறது. அதுபோல, கடைசியில் நடக்கப்போவதே கடவுளின் எண்ணத்தில் முதலில் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். முடிவு முதலில், படைப்பும் வீழ்ச்சியும் அதற்கான வழி. கால்வினே இந்தத் தீர்மானத்தை நினைத்தால் நடுக்கம் வருகிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும் பின்வாங்கவில்லை. ஆதாம் விழுந்தது தேவ சித்தப்படிதான், ஆனால் தன் குற்றத்தால்தான் விழுந்தான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்த ஒரே மூச்சை இரண்டாக உடைத்தவர் யாக்கோபு ஆர்மினியஸ். ஹாலந்தின் ஊடவாட்டர் என்ற சிற்றூர்க்காரர். 1575இல் ஸ்பானியப் படை அந்த ஊரைச் சூறையாடியபோது அவர் படிப்புக்காக ஜெர்மனியில் இருந்தார். தாயும் உடன்பிறந்தவர்களும் அந்தப் படுகொலையில் மடிந்தார்கள். பிறகு லெய்டனில் படித்தார். ஜெனீவாவுக்குப் போய்ப் பெசாவிடமே பாடம் கேட்டார். 1588இல் ஆம்ஸ்டர்டாமில் போதகரானார்.

அப்போது கூர்ன்ஹெர்ட் என்ற எழுத்தாளர், யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறித்தல் போதனை கடவுளையே பாவத்துக்குக் காரணராக்குகிறது என்று நாடெங்கும் வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லப்போன டெல்ஃப்ட் நகரப் போதகர்கள் இருவர் பெசாவின் வரிசையைச் சற்றுத் தளர்த்தினார்கள். கடவுள் மனிதனைப் படைத்தார், அவன் விழ இடங்கொடுத்தார், விழுந்தவர்களிலிருந்து சிலரைத் தெரிந்துகொண்டார் என்று வீழ்ச்சியைத் தெரிந்துகொள்ளுதலுக்கு முன்னால் வைத்தார்கள். இவர்களை மறுத்துப் பெசாவைக் காப்பாற்றும் வேலை இளம் ஆர்மினியஸிடம் வந்தது. மறுக்க உட்கார்ந்தவர் மனம் மாறி எழுந்தார் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1971இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கார்ல் பேங்ஸ், ஆர்மினியஸ் எந்நாளும் பெசாவின் கட்சியில் இருந்ததற்குச் சான்றில்லை என்கிறார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எப்படியோ, கேட்ட மறுப்பை அவர் எழுதித் தரவில்லை.

அதற்குப் பதிலாக ரோமர் நிருபத்தைப் பிரசங்க மேடையில் வரிசையாக விளக்க ஆரம்பித்தார். ஏழாம் அதிகாரத்துக்கு அவர் தந்த விளக்கத்தைக் கேட்டதும் சக போதகர் பெட்ரஸ் பிளான்சியஸ் கொதித்தெழுந்தார். அதே பிளான்சியஸ்தான் கிழக்கிந்தியக் கடல்வழிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்தவர். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்கத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். கம்பெனியையும் இந்தச் சண்டையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பது பின்னால் தெரியவரும்.

1601, 1602இல் ஆம்ஸ்டர்டாமில் கொள்ளைநோய். ஆர்மினியஸ் வீடு வீடாகப் போனார். மரணப்படுக்கையில் கிடந்த இருவரைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இருவரும் உண்மையான விசுவாசிகள். தங்கள் உள்ளத்தில் மீட்பின் நிச்சயம் இல்லையே, அப்படியானால் தங்களுக்கு விசுவாசமே இல்லையோ என்று கலங்கிக் கிடந்தார்கள். அவர்களோடு பேசித் தேற்றிவிட்டு வந்தார். இந்த விவாதம் முழுவதிலும் என்னை அதிகம் தொட்ட இடம் இதுதான். பெசாவின் படத்தைப் பார்த்து, ‘நான் எந்தக் கிளையில் இருக்கிறேன்?’ என்று கேட்பவனுக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. முடிவு கடவுளின் மறைவில் இருக்கிறது. ஆர்மினியஸின் இறையியல் அந்தக் கட்டிலருகில் பிறக்கவில்லை, பத்தாண்டுக்கு முன்பே துளிர்விட்டிருந்தது. ஆனால் அது யாருக்காக என்பது அந்தக் கடிதத்தில் தெரிகிறது.

அதே கொள்ளைநோய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஜூனியஸ் என்ற பேராசிரியரைக் கொண்டுபோனது. அவர் இடத்துக்கு 1603இல் ஆர்மினியஸ் வந்தார். அங்கே ஏற்கெனவே இருந்த மூத்த பேராசிரியர் ஃபிரான்சிஸ்கஸ் கோமாரஸ், பெசாவின் வரிசையில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர். 1604 பிப்ரவரியில் ஆர்மினியஸ் முன்குறித்தல் பற்றித் தம் கருத்துகளை விவாதத்துக்கு வைத்தார். அக்டோபரில், தம் முறை இல்லாதபோதும், கோமாரஸ் எதிர்விவாதம் நடத்தினார். மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிறகு சபைகள். பிறகு நகரங்கள்.

1608 அக்டோபர் 30ஆம் தேதி தி ஹேக் நகரில் ஹாலந்து மாகாணச் சபை முன் ஆர்மினியஸ் தம் கருத்தை முழுதாகச் சொன்னார். வீழ்ச்சிக்கு முன்பே தெரிந்துகொள்ளுதல் என்ற போதனையை மறுக்க இருபது காரணங்களை அடுக்கினார். மனிதன் விழுவது தவிர்க்க முடியாதது என்று கடவுளே முடிவு செய்திருந்தால், பாவம் செய்பவர் உண்மையில் கடவுளே ஆகிவிடுகிறார், அவர் ஒருவரே பாவியாகிறார், பிறகு பாவம் என்பதே பாவம் இல்லாமல் போகிறது. அவருடைய கூரான வாதம் இது. எதிர்த்தரப்பு இதைத் தூற்றல் என்றது. எனக்கு இது கடவுளின் நற்பெயருக்காகத் துடித்த ஒருவரின் வாதமாகத்தான் தோன்றுகிறது.

மனித சித்தத்தை அவர் தூக்கிப் பிடித்தார் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. விழுந்த மனிதனால் தானாக எழ முடியாது, கிருபை முந்திக்கொண்டு வந்து தொடாவிட்டால் நல்லதை நினைக்கவும் முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கிருபை வரும்போது அதைத் தள்ளிவிடவும் மனிதனால் முடியும் என்றார். அவ்வளவுதான். ஆதாமைப் பற்றியும் அப்படியே. கடவுள் அவன் விழுவான் என்று அறிந்திருந்தார், தடுக்காமல் இடங்கொடுத்தார். ஆனால் அறிவது வேறு, இடங்கொடுப்பது வேறு, விரும்புவது வேறு. சுயசித்தம் உள்ள ஓர் உயிரைப் படைத்தவர் அந்தச் சித்தத்தை மதித்துத் தம் கையைக் கட்டிக்கொண்டார்.

1609 அக்டோபரில் ஆர்மினியஸ் காசநோயால் இறந்தார். அவர் உயிரோடிருந்த வரை அது பேராசிரியர்களின் வழக்கு. இறந்த மூன்று மாதத்தில் நாட்டின் வழக்காகிவிட்டது. 1610 ஜனவரியில் அவரைப் பின்பற்றிய நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட மனு ஒன்றை மாகாணச் சபையிடம் கொடுத்தார்கள். அந்த மனுவாலேயே அவர்களுக்கு ரிமான்ஸ்ட்ரன்டுகள் என்ற பெயர் நிலைத்தது. விசுவாசிக்கிறவர்களை மீட்பது என்பதே கடவுளின் தீர்மானம், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், கிருபையை எதிர்க்க முடியும் என்பவை அதன் சாரம். அடுத்த ஆண்டே எதிர்மனு வந்தது.

இனி அரசியல். ஸ்பெயினோடு பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் செய்தவர் ஹாலந்தின் முதுபெரும் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட். கிழக்கிந்தியக் கம்பெனி உருவாகப் போட்டி வணிகர்களை ஒன்று சேர்த்தவரும் அவரே. அவர் ரிமான்ஸ்ட்ரன்டுகளுக்கு ஆதரவு. போர் தொடர வேண்டும் என்றிருந்த படைத்தலைவர் இளவரசர் மாரிஸ் எதிர்த்தரப்புப் பக்கம் சாய்ந்தார். 1617இல் நகரங்கள் தாங்களே கூலிப்படை அமர்த்திக்கொள்ளலாம் என்று ஓல்டன்பார்னவெல்ட் தீர்மானம் நிறைவேற்றினார். சுயசித்தத்தைப் பேசிய தரப்பும் ஆயுதத்தின் நிழலில்தான் நின்றது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மாரிஸ் காத்திருந்து 1618 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்.

அந்த நவம்பர் 13ஆம் தேதி டோர்ட்ரெக்ட் (சுருக்கமாக டோர்ட்) நகரில் திருச்சபையின் மாமன்றம் கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா, சுவிட்சர்லாந்து, ஜெர்மன் நாடுகள் எனப் பல இடங்களிலிருந்து பிரதிநிதிகள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர்களுடைய அரசர் அனுமதி மறுத்ததால் அவர்களுக்கென்று போட்ட இருக்கை காலியாகவே இருந்தது. நடுவில் ஒரு மேசை. அதைச் சுற்றி ரிமான்ஸ்ட்ரன்டுகள் உட்கார்ந்தார்கள், சபையினராக அல்ல, விசாரிக்கப்படுகிறவர்களாக. அவர்களுக்காகப் பேசியவர் ஆர்மினியஸின் மாணவர் சைமன் எபிஸ்கோபியஸ். எதை முதலில் விவாதிப்பது என்பதிலேயே வாரக்கணக்கில் இழுபறி. 1619 ஜனவரி 14ஆம் தேதி தலைவர் போகர்மன் பொறுமை இழந்து, போங்கள், போங்கள் என்று அவர்களை வெளியே அனுப்பிவிட்டார். மீதி விவாதம் அவர்கள் இல்லாமலேயே நடந்தது.

இத்தனை ஆத்திரத்துக்கு நடுவில் பிறந்த தீர்மானங்களைப் படிக்கும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பெசாவின் வரிசை அதில் இல்லை! கோமாரஸ் உறுப்பினராக அங்கேயே உட்கார்ந்து தம் கட்சிக்காக வாதாடினார். பெரும்பான்மை அவர் பக்கம் போகவில்லை. கடவுள் தெரிந்துகொண்டது தன் குற்றத்தால் ஏற்கெனவே விழுந்துவிட்ட மனித குலத்திலிருந்துதான் என்று எழுதினார்கள். அவிசுவாசத்துக்கும் பாவத்துக்கும் காரணம் கடவுளிடம் இல்லை, மனிதனிடமே இருக்கிறது என்றார்கள். கடவுளைப் பாவத்தின் காரணராகச் சொல்வது தேவதூஷணம் என்றார்கள். ஆர்மினியஸைக் கண்டித்த அதே ஏடு, அவர் எதற்கு அஞ்சினாரோ அதற்குத் தானும் அஞ்சியது. வேறுபாடு அதற்கு அடுத்த படியில்தான்: விழுந்தவர்களில் இவரை ஏன் தெரிந்துகொண்டார், அவரை ஏன் விட்டார் என்றால், அது அவருடைய சித்தம், மனிதனிடம் முன்னறிந்த விசுவாசம் அல்ல என்று டோர்ட் சொன்னது. கோமாரஸும் கையெழுத்திட்டார்.

1619 மே 13ஆம் தேதி, எழுபத்தொரு வயது ஓல்டன்பார்னவெல்ட் தி ஹேக் நகரில் தலை துண்டிக்கப்பட்டார். மாமன்றம் இன்னும் முழுதாகக் கலைந்திருக்கவில்லை. ஏறக்குறைய இருநூறு போதகர்கள் வேலை இழந்தார்கள். கையெழுத்திட மறுத்ததோடு மௌனமாக இருக்கவும் ஒப்பாதவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ரிமான்ஸ்ட்ரன்டுகள் பக்கம் நின்ற சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. 1621 மார்ச்சில் அவர் மனைவி மரியா, புத்தகங்கள் வந்துபோகும் பெட்டிக்குள் கணவரைப் படுக்கவைத்து லூவஸ்டைன் கோட்டையிலிருந்து வெளியே அனுப்பினார். காவலர்கள் புத்தகம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மாமன்றத்துக்குக் கிழக்கிந்தியாவிலிருந்தும் ஒரு கேள்வி வந்திருந்தது. கிறிஸ்தவ வீடுகளில் வளரும் அடிமைக் குழந்தைகளுக்கும் பிற சமயத்தார் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாமா? போதனை பெற்று அறிக்கையிடும் வயது வரும்வரை கூடாது என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. தெரிந்துகொள்ளுதல் பற்றி மாதக்கணக்கில் பேசியவர்கள், அந்தக் குழந்தைகள் யாரால் தெரிந்துகொள்ளப்பட்டு அந்த வீடுகளுக்கு வந்தார்கள் என்று கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

1658இல் கம்பெனி யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தபோது டோர்ட்டின் சபையும் கூடவே இறங்கியது. பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்து மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1814இல் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்தார்கள். ஜான் வெஸ்லி 1778இல் தொடங்கிய இதழுக்கே ஆர்மினியஸின் பெயரைத்தான் வைத்திருந்தார். மெதடிஸ்டுகள் வந்த இரண்டே ஆண்டில், கால்வின் மரபில் வளர்ந்த அமெரிக்க மிஷனரிகள் அதே யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள். லெய்டனில் ஒரே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்க முடியாத இரண்டு போதனைகள் யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களை நடத்தின. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மெதடிஸ்டுகளும் கால்வின் மரபினரும் ஒரே திருச்சபைக்குள் வந்தார்கள். ஆதாமின் வீழ்ச்சி தீர்மானத்துக்கு முன்பா பின்பா என்று அங்கே யாரும் நிபந்தனை வைக்கவில்லை.

கேள்வி தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆர்மினியஸிடமும் ஓட்டை இருக்கிறது. விழுவான் என்று அறிந்தே படைத்தவர், அந்த அறிவோடு படைத்ததற்குப் பொறுப்பாளி இல்லையா? இடங்கொடுத்தார் என்ற சொல் அந்தப் பொறுப்பைக் குறைக்கிறதே தவிர அழிக்கவில்லை. டோர்ட்டும் வீழ்ச்சிக்குப் பிறகுதான் கணக்கைத் தொடங்குகிறது, அதற்கு முந்திய ‘ஏன்’ அப்படியே நிற்கிறது. கோமாரஸ் மட்டுமே அந்த ‘ஏன்’ என்பதற்கு நேர்ப் பதில் வைத்திருந்தார். அந்தப் பதிலைக் கொள்ளைநோய்க் கட்டிலருகே நின்று சொல்ல முடியாது என்பதால்தான் நான் ஆர்மினியஸோடு நிற்கிறேன், அவருடைய ஓட்டையோடும் சேர்த்தே.