வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்

நம் நாட்டில் தேர்தல் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆகிவிடுகிறது. வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசிப்பவரும், விரலில் மை வைப்பவரும் பெரும்பாலும் ஆசிரியர்களே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களைக் கல்விக்குப் புறம்பான வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆயினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் உதவி, தேர்தல் பணி ஆகிய மூன்றையும் அதே பிரிவில் விலக்காக வைத்திருக்கிறது. இவ்வளவு வேலை செய்யும் அரசுப் பள்ளி ஆசிரியர், பணியில் இருக்கும்வரை, தாமே வேட்பாளராக நிற்க இயலாது. பணியைத் துறந்தாக வேண்டும், அல்லது ஓய்வு பெற்றாக வேண்டும். ஊரின் எல்லாத் தேர்தல்களையும் நடத்திக் கொடுத்தவர் ஊர் நிர்வாகத்தில் முதன்முதலாக அமரும்போது அவருக்கு முன்னாள் ஆசிரியர் என்ற பெயர் வந்துவிடுகிறது.

அப்படி அமர்ந்த ஒருவர் பள்ளிகளைப் பற்றி முதலில் என்ன கேட்பார்? இதற்கு விடை தேடி நம் வரலாற்றைப் புரட்டினால், எதிர்பாராத ஒன்று தென்படுகிறது. பாடத்திட்டத்தையோ தேர்ச்சி விகிதத்தையோ அவர்கள் முதலில் கேட்கவில்லை. வராத பிள்ளையைப் பற்றியே கேட்டார்கள். வருகைப் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் கையாண்டவருக்கு, அதில் எழுதப்பட்ட பெயர்களைவிட எழுதப்படாத பெயர்கள் நன்றாகத் தெரியும் போலும்.

சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டின் தலத்தாபனச் சட்டம் மாவட்டம், வட்டம், ஊர் என மூன்று படிகளாக உள்ளாட்சியை அமைத்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று நம் பாட்டனார்கள் சொன்னவை இவையே. சாலை, கிணறு, சத்திரம், மருந்தகம், சந்தை ஆகியவற்றோடு பள்ளிக்கூடமும் அந்தக் கணக்கேட்டில் ஓர் இனமாக இருந்தது. திருச்சிராப்பள்ளிச் சீமையில் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களின் போர்டுப் பள்ளிகள் இந்த ஏற்பாட்டில் வந்தவை. திருவரங்கத்துக்கோ தனி நகராட்சி இருந்தது. 1994-இல் திருச்சி மாநகராட்சி உருவானபோது அதுவும் அதனுள் அடங்கிற்று.

இந்தப் போர்டுகளில் அமர்ந்தவர்கள் யார்? மிராசுதார்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள். வரி செலுத்துவோர்க்கே வாக்கு என்றிருந்த காலம் அது. சொற்பச் சம்பளத்தில் வாழ்ந்த கிராமத்து ஆசிரியருக்கு உறுப்பினர் பதவி இருக்கட்டும், வாக்குச் சீட்டே எட்டாக் கனி. அவர்களில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. தஞ்சைத் தாலுகா போர்டின் தலைவராக இருந்த தமிழவேள் உமாமகேசுவரனார் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்ததைத் தஞ்சைத் தரணி மறக்கவில்லை. ஆனால் பொதுவாகப் போர்டின் பார்வை கட்டடத்தை எண்ணும் பார்வை. எத்தனை பள்ளி திறந்தோம், எவ்வளவு வாடகை, எத்தனை ரூபாய் மானியம் என்பதோடு அறிக்கை முடிந்துவிடும். அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற கேள்வி அறிக்கையில் இடம்பெறுவது அரிது.

கேள்வியின் கனம் அங்கேதான் இருந்தது. சொந்தக் கட்டடம் இல்லாத பள்ளிகள் கோயில் மண்டபத்திலும், அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணையிலும், ஊர்ச் சாவடியிலும் நடந்தன. விதிப்படி பள்ளி எல்லார்க்கும் பொது. ஆனால் அந்தத் தெருவில் நடக்கவே அனுமதி இல்லாத பிள்ளைக்கு அந்தப் பொதுமையால் என்ன பயன்? பள்ளியின் கதவை யாரும் சாத்தவில்லை. தெரு முனையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தாழ்த்தப்பட்ட சமூகத்தார் நுழைய முடியாத இடங்களில் பொதுப் பள்ளிகளை அமைக்கக் கூடாது என்று 1919-இல் மாகாண அரசு ஆணையிட வேண்டியிருந்தது. ஆணை வந்த மறுநாளே பள்ளிகள் எழுந்து வேறு தெருவுக்கு நடந்துவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் மயிலை சின்னத்தம்பி ராஜா என்ற ஆசிரியர் வருகிறார். எம். சி. ராஜா என்றால் பலருக்கும் தெரியும். 1883-இல் சென்னை பரங்கிமலையில் பிறந்தவர். வெஸ்லியன் திருச்சபையாரின் பள்ளியிலும் கல்லூரியிலும், பின்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துப் பள்ளி ஆசிரியரானவர். பள்ளிக்கான பாடநூல்களும் எழுதினார். இன்று அவரை நினைப்பவர்கள் 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தையும், அம்பேத்கரோடு அவருக்கு இருந்த கருத்து வேறுபாட்டையும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் ஆசிரியர் என்பதை அடிக்குறிப்பாக்கிவிட்டோம். அவருடைய பொதுவாழ்வின் முதற் பகுதி முழுவதும் ஓர் ஆசிரியரின் பொதுவாழ்வாகவே எனக்குத் தோன்றுகிறது.

1920-இல் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்திருந்தது. மாவட்டந்தோறும் ஒரு கல்விக் கழகம், கல்விக்கென்று தனி வரி, உள்ளாட்சி விரும்பினால் தன் எல்லைக்குள் கட்டாயக் கல்வி என்றெல்லாம் அது வகை செய்தது. பள்ளி நிர்வாகத்துக்கென்றே ஓர் அவை நம் மண்ணில் அமைந்தது அப்போதுதான் எனலாம். அந்தச் சூழலில் ராஜா எழுப்பிய கோரிக்கைகளைப் பாருங்கள்: பொதுப் பள்ளிகளில் சேர்க்கை, உதவித்தொகை, பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் உரிமை. பின்னது கல்வி சார்ந்தது அல்லவே என்று ஒருவர் கேட்கக்கூடும். தெரு இல்லாமல் பள்ளி ஏது? தாகம் எடுத்தால் எங்கே போவது என்று தெரியாத பிள்ளை எத்தனை நாள் வகுப்பில் உட்காரும்?

1922-இல் அவர் மேலவையில் கொண்டுவந்த தீர்மானம் இன்னும் நுட்பமானது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டும் என்றது அது. அரசும் ஏற்றுக்கொண்டது. இதை அரசியல் நிகழ்ச்சியாகவே நூல்கள் எழுதுகின்றன. ஆனால் காலையில் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே சாதியின் பெயரைப் பார்த்துப் பழகிய ஓர் ஆசிரியர்க்கு, அந்தச் சொல் ஒரு சிறுவனின் முகத்தில் என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். இது என் ஊகமே. ஆயினும் ஆதாரமற்ற ஊகம் என்று தோன்றவில்லை.

மிஷன் பள்ளி அவரை உருவாக்கியது என்று நாம் பெருமை கொள்வதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நம் ஆலயத்துக்குள்ளேயே சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ராஜாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. கோயில் மண்டபத்துப் பள்ளியைக் குறைசொல்லும் விரல் நம் பக்கமும் திரும்பியாக வேண்டும்.

பசியைப் பற்றியும் ஒரு சொல். அதே 1920-இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கிற்று. பிள்ளைகளின் வருகை கூடிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்க அரசு இசையவில்லை. 1925-இல் அந்த ஏற்பாடு நின்றது. சோறு கல்வியா என்று கணக்கர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டம் தொடங்கியது நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான்.

இங்கே பிரச்சினை தெருவில் இருந்ததென்றால், கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் அது வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளை பள்ளிக்குள் வரலாம்; ஆனால் பலகையில் அமரக் கூடாது. தரையிலோ, வகுப்புக்கு வெளியிலோ அமர்ந்து கேட்க வேண்டும். 1920-களின் இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்று அரசு வலியுறுத்தியபோது, அதை எதிர்த்துச் சில பள்ளிகளுக்குத் தீ வைத்தவர்களும் இருந்தார்கள். படித்தவர் நிறைந்த மண் என்று பெயர் பெற்ற யாழ்ப்பாணத்தில் இது நடந்தது.

அந்நாளில் சம ஆசனத்தின் பக்கம் உறுதியாக நின்றவர்களுள் ஒருவர் ஹண்டி பேரின்பநாயகம். 1899-இல் பிறந்தவர், யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியர். 1924-இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின்பு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கத்தின் உயிர்நாடி அவர். காந்தியடிகளை 1927-இல் யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது அந்த இயக்கமே. சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, நாட்டின் முழு விடுதலை என்பன அவர்களுடைய கொள்கைகள். ஆசிரியர் சங்கங்களிலும் பேரின்பநாயகம் முன்னணியில் நின்றார்.

1947-இல் அவர் வட்டுக்கோட்டைத் தொகுதியில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். தோற்றார். அந்தத் தோல்வி எனக்கு வியப்பளிக்கவில்லை. தன் பிள்ளையின் பக்கத்தில் யார் அமர வேண்டும் என்று முடிவு செய்யும் ஆசிரியரை மதிக்கவே பலருக்கு இருபது ஆண்டு ஆகும். வாக்களிக்க அதனினும் கூடுதல் காலம் ஆகும். எனக்குப் பிடித்தது அதன்பின் நடந்தது. 1949-இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றுப் பதினொரு ஆண்டுகள் பணியாற்றினார். தேர்தல் மேடையில் சொன்னவற்றைச் செய்துபார்க்க அவருக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. 1961-இல் அமைந்த தேசியக் கல்வி ஆணைக்குழுவிலும் அவர் உறுப்பினர்.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். விடுதலைக்குப்பின் நம் அரசியலமைப்பு மாநில மேலவைகளில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்தை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க ஒதுக்கிற்று. நல்ல எண்ணம்தான். ஆனால் வாக்களிக்கும் தகுதி உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் கற்பிப்போர்க்கு மட்டுமே. ஒற்றை அறையில் ஐந்து வகுப்புகளையும் நடத்திய கிராமத்து ஆசிரியர், ஆசிரியர் தொகுதியிலும் வாக்காளர் ஆகவில்லை. 1986-இல் தமிழ்நாட்டு மேலவையே கலைக்கப்பட்டதும் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

உள்ளாட்சியிலோ எதிர்த் திசையில் ஒரு மாற்றம். 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. ஒன்றியத் தலைவரின் முகக்குறிப்பை வைத்தே இடமாறுதல் நடக்கிறது என்ற முணுமுணுப்பு அக்காலத்து ஆசிரியர் பலரிடம் உண்டு. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டபோது அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டது நியாயமே. ஆயினும் அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருந்தது. பள்ளி ஊரை விட்டுத் துறையின் கைக்குப் போயிற்று. பலகையில் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் மட்டும் நின்றது. கூரை ஒழுகினால் கேட்க வேண்டியது யாரை என்பது ஊராருக்கு மெல்ல மறந்துபோயிற்று.

2009-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நூலை மறுபடி கோக்க முயன்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் வகுப்பதும், வரும் பணம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அதன் வேலை. பல்லாண்டுகள் ஏட்டளவில் இருந்த இந்தக் குழுக்கள் தமிழ்நாட்டில் 2022-இல் பெற்றோர் கூடித் தேர்ந்தெடுக்கும் முறையில் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பழைய கல்விக் கழகத்தைப் போல மாவட்டம் முழுவதும் ஆளும் அதிகாரம் இதற்கு இல்லை. ஒரே ஒரு பள்ளிதான் எல்லை. எனினும் வரி செலுத்தாத தாய் ஒருத்தியும் தலைவியாக அமரக்கூடிய அவை இது.

எஞ்சிய கால் பங்கில் உள்ளாட்சி உறுப்பினரும் கல்வியாளரும் வருகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் அமரக்கூடிய இடம் அது. சமயபுரம் போன்ற ஓர் ஊரில் அவர் அங்கே அமர்ந்தால் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். தெரு இன்று எல்லார்க்கும் திறந்திருக்கிறது. பலகையில் எல்லாரும் அமர்கிறார்கள். காலையிலும் நண்பகலிலும் சோறு இருக்கிறது. ஆனால் இது அம்மன் கோயிலை நம்பிப் பிழைக்கும் ஊர். பூக்கடை, எலுமிச்சை மாலை, தேங்காய்க் கடை, வாகனம் நிறுத்தும் இடம் என்று குடும்பங்களின் வருமானம் செவ்வாயிலும் வெள்ளியிலும் ஞாயிற்றிலும் திரள்கிறது. மாசியில் பூச்சொரிதலும் சித்திரையில் தேரும் வந்தால் கூட்டத்தைச் சொல்ல வேண்டாம். இத்தகைய ஊரில் எந்த நாளில் எந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே வராதவர் குறி விழும் என்பதை ஒரு பழைய ஆசிரியர் பதிவேட்டைத் திறக்காமலேயே சொல்லிவிடுவார். தந்தை இல்லாத வீட்டில் தாய்க்குத் துணையாகக் கடையில் நிற்கும் பிள்ளையை அவருக்குத் தெரியும். புள்ளிவிவரத்தில் அது சதவீதம். அவருக்கு அது ஒரு வீடு.

மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தை 2022-இல் புதுக்கியபோது, முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று வகுத்தார்கள். முதல் வெள்ளி என்றதும் நம் வாசகர்களுக்கு வேறு நினைவு வரும், அது இருக்கட்டும். சென்னையில் அமர்ந்து நாள் குறித்தவர்களுக்கு வெள்ளி வாரத்தின் கடைசி வேலை நாள். சமயபுரத்துத் தாய்மார்களுக்கோ அது வாரத்தின் பெரிய வியாபார நாள். நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கு என்று சட்டம் கொடுத்த நாற்காலிகள் அந்தப் பிற்பகலில் நிறைய வேண்டுமானால், பூக்கூடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அவர்கள் வர வேண்டும். இந்த ஊரில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குழுவில் சேர்ந்தால், சுண்ணாம்பு அடிப்பதையும் சுற்றுச்சுவரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றித் தாருங்கள் என்று ஒரு விண்ணப்பம் எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்துக்காக மேசைமேல் வைப்பார்.