இரண்டு மழைக்கு நடுவில் ஒரு பாதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

சில வருஷங்களுக்கு முன்னாடி தைப்பூசத்துக்கு நாங்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் ஒரு சங்கடம் ஆகிப்போச்சு. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காவடி போகும் வழி. முந்தின தைப்பூசத்தில் நாள் முழுக்கத் தூறல், கொண்டுபோன தண்ணீரில் பாதி மிச்சம். அந்தக் கணக்கை வச்சு அந்த வருஷம் குறைச்சலா வாங்கினோம். அன்னைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. மதியம் ஒரு மணிக்கெல்லாம் ட்ரம் காலி. அடுத்த வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னோம். பால்குடம் எடுத்து வந்த வயசான அம்மா ஒருத்தர் காலி ட்ரம்மைப் பார்த்துட்டு, "பரவாயில்லப்பா"ன்னு சொல்லிட்டு நடந்தாங்க. அந்த வார்த்தை இன்னும் உறுத்துது. தப்பு எங்களுடையது தான்.

சாயந்திரம் ட்ரம் கழுவும்போது எங்ககூட நின்ன தம்பி ஒருத்தர், காங்கேயம் பக்கத்துக்காரர், துவாஸ் பக்கம் டார்மிட்டரியில் இருக்கிறவர், ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, எங்க ஊர்ப் பக்கமா தான் அந்தக் காலத்துல ரோமாபுரிக்குச் சரக்கு போச்சாம். அந்த வெயில்ல மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டுப் போனவங்க தண்ணிக்கு என்ன பண்ணியிருப்பாங்க?"

எங்க யாருக்கும் பதில் தெரியல. எங்கள் குழுவில் பெரிய படிப்பு படிச்சவங்க கிடையாது. பத்தாவது, பன்னிரண்டாவது முடிச்சுட்டு ஷிப்ட் வேலைக்கு வந்தவங்க தான். ஆனா கேள்வி விடல. லீவு நாளில் நூலகத்துக்குப் போய் படிச்சோம், ஊர்க்காரங்களைக் கேட்டோம். தெரிஞ்சதை இங்கே எழுதுறோம்.

முதல்ல பாதை. மேற்கே கேரளக் கடற்கரையில், இன்றைய கொடுங்கல்லூர் பக்கம், முசிறித் துறைமுகம். கிழக்கே அமராவதி ஆற்றங்கரையில் கரூர். இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிக்குது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2695 மீட்டர். அந்தச் சுவரில் ஒரே ஒரு பெரிய வாசல், பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். மலை ஏறாமலே வண்டி அந்தப் பக்கம் போயிடும்.

கணவாயைத் தாண்டினா கோவை, பேரூர், வெள்ளலூர். வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் கிடைச்சிருக்கு. அப்படியே நொய்யல் ஆற்றை ஒட்டி வந்தா, ஈரோடு மாவட்டம் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம்னு சொல்ற ஊர். 1985ல் ஆரம்பிச்ச அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல், சூதுபவளம் அறுத்து மணி செஞ்ச பட்டறைத் தடயங்கள், தமிழி எழுத்து கீறின நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் கிடைச்சது. ஃபேக்டரியில் வேலை செய்யற எங்களுக்கு அதைப் படிச்சதும் ஒரு சந்தோஷம். அதுவும் ஒரு தொழிற்பேட்டை தானே.

கரூரில் இருந்து முசிறி, இன்றைய சாலைக் கணக்கில் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போகும்னு வச்சுக்கிட்டா, இரண்டு வாரப் பயணம்.

இப்ப வானிலைக்கு வருவோம். இந்தப் பாதையில் ஒரு விசேஷம். இரண்டு முனையிலும் மழைக்காலம் ஒண்ணு கிடையாது. மேற்கே பெருமழை ஆனியில் இருந்து ஆவணி வரைக்கும், தென்மேற்குப் பருவமழை. பாலக்காட்டில் வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும். கணவாய்க்கு இந்தப் பக்கம் கோவையில் 700 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருஷம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாக வரும். ஒரு பக்கம் குடை பிடிக்கும்போது மறுபக்கம் புழுதி பறக்கும்.

மாசக்கணக்கா பார்த்தா அந்தக் காலத்து வண்டிக்காரர் நிலைமை புரியும்.

ஆடி மாசம். கேரளத்தில் அது கர்க்கடகம், பஞ்ச மாசம்னே சொல்வாங்க. ஆறெல்லாம் நிறைஞ்சு ஓடும். வீட்டுக்குள்ள உட்கார்ந்து ராமாயணம் படிக்கிற மாசம். வண்டி எங்கே போறது? அதே ஆடியில் கொங்குப் பக்கம் மழை கம்மி. ஆனா கணவாய்க்குள்ள புகுந்து வர்ற காத்து இருக்கே, அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல. இன்னைக்கு உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலை நிக்கிறது இந்தக் காத்தை நம்பித் தான். இன்னொரு விஷயம், அந்த ஊரில் மழையே இல்லாட்டியும் குடகு மலை மழையில் காவிரி பெருகி வந்துடும். ஆற்றைக் கடந்து வர்றவங்களுக்கு ஆறே தடை.

ஐப்பசி, கார்த்திகை. மேற்கே பெருமழை அடங்கியிருக்கும், சாயந்திரம் இடி மழை மட்டும் வரும். இப்ப கொங்குப் பக்கம் நனையுது. கரிசல் மண் வண்டிச் சக்கரத்தைப் பிடிச்சா விடாது. வண்டி ஓட்டின அனுபவம் உள்ள பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

மார்கழி பாதிக்கு மேல், தை. இரண்டு பக்கமும் மழை விட்டாச்சு. சேறு காயுது. ஆறு இறங்குது. மாட்டுக்குப் புல் இருக்கு, கிணத்துல தண்ணி இருக்கு, வெயிலும் ஏறல. மேற்கே மிளகு பழுத்துப் பறிக்கிற சமயம். தை பிறந்தால் வழி பிறக்கும்னு சொல்றோமே. அறுவடைப் பணம் வரும், கல்யாணம் நடக்கும்னு தான் இதுவரை அர்த்தம் பண்ணிக்கிட்டிருந்தோம். இதைப் படிச்ச பிறகு, உண்மையிலேயே நடக்கிற வழியைத் தான் சொல்லியிருப்பாங்களோன்னு எங்களுக்குத் தோணுது.

கடலும் இதே கணக்கு தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம நாட்டு எழுத்தாளர் பிளினி எழுதி வச்சிருக்கார். கோடையின் நடுவில் கப்பல் புறப்படும், செங்கடல் வாயிலில் இருந்து முசிறிக்கு 40 நாள், திரும்பிப் போறது டிசம்பர், ஜனவரியில். வர்றதுக்குத் தென்மேற்குக் காத்து, போறதுக்கு வடகிழக்குக் காத்து. ஆடியில் கப்பலை முசிறிக்குத் தள்ளின அதே காத்து தான் கணவாயில் புகுந்து காங்கேயத்தில் புழுதி கிளப்புது. மார்கழியில் திசை மாறி, கிழக்கில் இருந்து கணவாய் வழியா வறண்ட காத்தா பாலக்காடு, திருச்சூர் பக்கம் அடிக்குது. கொடுமணல் மணியை ஏத்திக்கிட்டு மேற்கே போற வண்டிக்கு முதுகுப் பக்கம் அந்தக் காத்து. கப்பலுக்கும் அதே காத்து. கப்பல் கிளம்பறதுக்குள்ள சரக்கு போய்ச் சேரணும். நம்ம தொழிற்சாலையில் கண்டெய்னர் நேரம் தவறினா என்ன பாடு படறோம்! அவங்க தவறவிட்டா அடுத்த வருஷம் தான்.

சரி, எல்லாரும் தையிலேயே போய் வந்துட முடியுமா? முடியாது. மாசி, பங்குனி, சித்திரைன்னு பயணம் நீளும். தொல்காப்பியம் பிரிவைச் சொல்ற பாலைத் திணைக்கு வேனிலையும் பின்பனியையும் காலமா வைக்குது. மாசி, பங்குனி பின்பனி. சித்திரையில் இருந்து ஆடி வரைக்கும் வேனில். முதலில் எங்களுக்கு இது புரியல. கொளுத்துற வெயிலில் யாராவது பொருள் தேடக் கிளம்புவாங்களான்னு பேசிக்கிட்டோம். பிறகு தான் விளங்குச்சு. மழையில் கிளம்பினா வண்டி புதையும், ஆறு மறிக்கும். சேறும் வெள்ளமும் வேண்டாம்னு அவங்க தாகத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. வேற வழி இல்ல.

அந்தத் தாகம் எப்படிப்பட்டதுன்னு கரூர்க்காரங்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தமிழ்நாட்டு வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி பேர் அடிக்கடி வரும்.

அதனால ஏற்பாடு இல்லாம யாரும் கிளம்பல. தனியா போக மாட்டாங்க, சாத்துன்னு கூட்டமா தான் போவாங்க. கழுதை மேல மிளகு மூட்டை ஏத்திப் போன சாத்தையும், பெருவழியில் சுங்கம் வாங்கினதையும் பெரும்பாணாற்றுப்படை சொல்லுது. உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் சேம அச்சுன்னு ஒரு அச்சைக் கூடுதலா கட்டிக்கிட்டுப் போனதைப் புறநானூறு சொல்லுது. ஸ்பேர் பார்ட்! எங்க மெயின்டெனன்ஸ் ஆட்களிடம் இதைச் சொன்னபோது அப்படி ரசிச்சாங்க.

ஆனா தண்ணீருக்கு ஸ்பேர் எவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போக முடியும்? மாட்டுக்கும் சேர்த்து வேணுமே. அது வழியில் இருக்கிறவங்க கையில் தான் இருந்தது. ஊருக்கு ஊர் கிணறு, குளம், மரநிழல். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், அதையும் பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்னாடியே இறந்துபோன பெண்கள் நினைவா வைப்பாங்க. கரூர் பக்கத்தில் புகளூர் மலைக் குகையில் சமண முனிவர்களுக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இருக்கு. மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போகாம ஒரே இடத்தில் தங்கறது அவங்க விரதம். அந்தக் கல்வெட்டுகளில் சேர மன்னர் பேரோட கரூர்ப் பொன் வணிகர் ஒருத்தர் பேரும் இருக்கு. வழியில் சம்பாதிச்சவர் வழியிலேயே ஒரு தர்மம் செஞ்சிருக்கார்.

பிற்காலத்தில் சோழர் ஆட்சி வந்தபோதும் இதே பாதை ஓடிக்கிட்டு தான் இருந்தது. கோவைக்கு மேற்கே மலைப்பாறையில் இராசகேசரிப் பெருவழின்னு தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டி வச்சிருக்காங்க.

தண்ணீர்ப் பந்தல்னா நமக்கு அப்பூதி அடிகள் ஞாபகம் வராம இருக்குமா? திங்களூரில் பார்க்காத திருநாவுக்கரசர் பேரில் பந்தல் வச்சார். வழி நடந்து வந்த அப்பரே அதைப் பார்த்து, ஏன் உங்க பேரைப் போடலன்னு கேட்டார். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்பர் அங்கே வந்தது நடந்து. வெயிலில் நடந்து வந்தவருக்கு அந்தப் பந்தல் என்னவா இருந்திருக்கும்னு இப்ப தான் யோசிக்கிறோம்.

இன்னொண்ணும் சொல்லணும். பாலைக்கு அடுத்து முல்லை. கார்காலம், அதாவது ஆவணி, புரட்டாசி வந்ததும் திரும்பிடுவேன்னு சொல்லிட்டுப் போனவருக்காக வீட்டில் காத்திருக்கிறது. மேகம் கூடுது, ஆள் வரல. எங்க காங்கேயம் தம்பிக்கு இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "என் வீட்லயும் அதே தாண்ணே. ஆடி நோம்பிக்கு வர்றேன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். அவருக்கு மழையும் ஆறும் தடை இல்ல. விமானம் நாலு மணி நேரம். தடை வேற.

நம்ம சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே வருஷம் 2100 மில்லிமீட்டருக்கு மேல மழை. அதனால தண்ணீர்க் கஷ்டம் பழக்கமில்லைன்னு நினைக்க வேண்டாம். மாரியம்மன் கோயில் பக்கம் கிரேத்தா ஆயர்னு பேர் இருக்கே, மலாயில் தண்ணீர் வண்டி. மாட்டு வண்டியில் தண்ணீர் வந்த காலத்துப் பேர் அது. தேக்காவில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் மாட்டுக் கொட்டகை இருந்த அடையாளம்.

2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளியில் வேலை செய்யறவங்களுக்கு வெப்ப விதி கொண்டு வந்தது. ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கிற வெப்பக் குறியீடு 32 டிகிரி தொட்டா, கடினமான வேலையில் மணிக்கு 10 நிமிஷமாவது ஓய்வு. 33ஐத் தொட்டா 15 நிமிஷம். நிழல், தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. மரநிழலும் கிணறும் வச்சவங்க செஞ்சதும் இது தான், அப்ப சட்டம் இல்ல, தர்மம்னு சொன்னாங்க.

எங்க தப்பு எங்கேன்னும் இப்ப புரியுது. ஊரில் தைன்னா காய்ஞ்ச மாசம். பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க நம்பி நடக்கலாம். சிங்கப்பூரில் அப்படி இல்ல. இங்கே வடகிழக்குப் பருவத்தின் முதல் பாதி, டிசம்பர், ஜனவரி கொட்டும். பிப்ரவரியில் காயும். தைப்பூசம் சரியா அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து விழுது. ஒரு வருஷம் நனையும், ஒரு வருஷம் எரியும். போன வருஷத்தை வச்சு இந்த வருஷத்தைக் கணக்குப் போட்டா நிச்சயம் தப்பும்.

அந்த வருஷத்துக்கு அப்புறம் மழை வந்தாலும் வராட்டியும் ஒரே அளவு தான் வாங்குறோம், வெயில் நாளுக்கான அளவு. மிஞ்சினா கோயிலுக்குக் கொடுத்துடுவோம். அதோட இரண்டு ட்ரம் தனியா ஓரமா வைக்கிறோம். அதுக்குத் தம்பி தான் பேர் வச்சார், "சேம அச்சு".

வர்ற தைப்பூசத்துக்குத் தொண்டூழியர் தேவை. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் இரண்டுக்கும். மதியத்துக்கு ஆள் எப்பவும் குறைவு, வெயில் நேரம். முடிஞ்சவங்க கமெண்டில் பேர் சொல்லுங்க. அந்த வயசான அம்மா மறுபடி வந்தா, இந்த முறை ஒரு டம்ளர் தண்ணியாவது கொடுக்கணும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.