சிட்ரேட் ட்யூப் ஏன் நீலமாச்சு?

நம் கல்லூரி மைக்ரோபயாலஜி லேபில் படித்த எவருக்கும் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டென்றால், அது 'அன்னோன்' கொடுக்கும் நாள்தான். ஆளுக்கு ஒரு ட்யூப். உள்ளே சாய்வாக உறைந்த அகார், அதன் மேல் மங்கலாக ஒரு கோடு வளர்ச்சி, வெளியே ஒரு நம்பர். "உள்ளே இருக்கிறது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் ட்யூபில் இருந்தது கிராம் நெகட்டிவ், சின்னக் கோல் வடிவம். மெக்கான்கி அகாரில் லேசான ரோஜா நிறம். இண்டோல் டெஸ்டில் சிவப்பு வளையம், மெத்தில் ரெட் சிவப்பு, வோகஸ்-ப்ராஸ்கௌர் ஒன்றுமில்லை. "ஈ. கோலை, சந்தேகமே இல்லை" என்று பெஞ்ச் முழுக்கப் பந்தாவாகச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தால், பச்சையாகவே இருக்க வேண்டிய சிட்ரேட் ட்யூப் பளிச்சென்று நீலமாக நிற்கிறது! நான் என்ன செய்தேன் தெரியுமா? ரெக்கார்டில் 'சிட்ரேட் நெகட்டிவ்' என்று கூசாமல் எழுதினேன்.

மேடம் ரெக்கார்டைப் பார்த்தார், ரேக்கைப் பார்த்தார். திட்டவில்லை. "புத்தகத்துக்கு ஒத்து வரலைன்னா ட்யூபைத் திருத்தக் கூடாதுப்பா. ஒத்து வராததுலதான் விஷயமே இருக்கு" என்றார். அந்த நாலு டெஸ்டுகளின் கதை அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் இந்த மலரில் அதை எழுதுகிறேன்.

முகம் ஒன்று, குணம் வேறு

டென்மார்க்கைச் சேர்ந்த கிராம், பெர்லினில் வேலை பார்த்தபோது தன் சாய முறையை வெளியிட்டது 1884ல். அடுத்த ஆண்டே எஷரிச் என்ற குழந்தை மருத்துவர், பச்சிளம் குழந்தைகளின் மலத்திலிருந்து இன்று நாம் ஈ. கோலை என்று அழைக்கும் பாக்டீரியாவை விவரித்தார். இதற்கு முன்பே 1880ல் டைபாய்டு கிருமியை எபர்த் கண்டிருந்தார். 1884ல் காஃப்கி அதைத் தனியாக வளர்த்தும் காட்டினார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி. இரண்டும் கிராம் நெகட்டிவ், இரண்டும் கோல் வடிவம். ஒன்று பெரும்பாலும் நம் குடலில் சாதுவாகக் குடியிருப்பது, மற்றது ஆளையே கொல்லக்கூடியது. இரட்டைப் பிள்ளைகளை முகத்தை வைத்துப் பிரிக்க முடியாவிட்டால் என்ன செய்வோம்? சாப்பாட்டுப் பழக்கத்தைக் கவனிப்போம். அறிஞர்களும் அதைத்தான் செய்தார்கள். 1889ல் ஜப்பானியரான கிடசாட்டோ, டைபாய்டு கிருமி இண்டோல் உண்டாக்குவதில்லை என்று காட்டினார். டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோலை விடும் குணம் ஈ. கோலைக்கு உண்டு.

நாலு கேள்விகள்

1898ல் வோகஸ், ப்ராஸ்கௌர் என்ற இருவர், குளுக்கோஸில் வளர்ந்த சில பாக்டீரியாக்களோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் சிவப்பு நிறம் வருவதைக் கவனித்தார்கள். ஏன் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காரணம் அசிட்டோயின் என்ற பொருள் என்பதை 1906ல் ஹார்டன் விளக்கினார். பின்னாளில் 1929ல் நோபல் பரிசு பெற்றாரே, அதே ஹார்டன்தான். 1915ல் கிளார்க்கும் லப்ஸும் மெத்தில் ரெட்டைக் கொண்டு வந்தார்கள். குளுக்கோஸைத் தின்று ஏராளமாக அமிலம் கக்கும் பாக்டீரியா எது, கொஞ்சத்தோடு நிறுத்திக்கொள்வது எது என்று அது சொல்லிவிடும்.

நாலாவது கேள்வி 1923ல் வந்தது. "சிட்ரேட்டை மட்டும் கொடுத்தால் உன்னால் பிழைக்க முடியுமா?" என்று கேட்டவர் அமெரிக்கரான கோஸர். 1926ல் சிம்மன்ஸ் அந்த மீடியத்தில் அகாரையும் புரோமோதைமால் புளூவையும் சேர்த்தார். சிட்ரேட்டைத் தின்று வளர்ந்தால் மீடியம் காரத்தன்மை அடைந்து பச்சை நீலமாகும். நம் லேபில் நாம் பார்த்த நீலம் அதுதான். இந்த நாலின் முதலெழுத்துகளைக் கோத்து, நடுவில் வாயில் நுழைவதற்காக ஒரு 'ஐ' சேர்த்ததுதான் 'இம்விக்'.

இத்தனை சிரமம் எதற்கு? குடிதண்ணீருக்காக! தண்ணீரில் ஈ. கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் உறவான ஏரோஜீன்ஸ் வகை மண்ணிலிருந்தும் செடி கொடிகளிலிருந்தும் வரலாம். முன்னது இம்விக்கில் பிளஸ், பிளஸ், மைனஸ், மைனஸ். பின்னது அப்படியே தலைகீழ். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1899ல் கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது. வெப்ப நாட்டு மேற்பரப்பு நீரின் பாக்டீரியாக்களைப் பற்றி கிளெமிஷா என்பவர் 1912ல் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தின் ஆற்றுக்குச் சொன்னது, நம் வெயிலில் காயும் ஏரிக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

ஒத்து வராதவை

ஆனால் இயற்கை நம் அட்டவணைக்குக் கட்டுப்பட்டதா என்ன? மெத்தில் ரெட்டும் பாசிட்டிவ், சிட்ரேட்டும் பாசிட்டிவ் என்று சில பாக்டீரியாக்கள் வந்துகொண்டே இருந்தன. 'இடைப்பட்டவை' என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தார்கள். 1932ல் வெர்க்மனும் கில்லனும் அவற்றுக்கென்றே தனிப் பேரினம் வகுத்து 'சிட்ரோபேக்டர்' என்று பெயர் வைத்தார்கள். மேடம் சொல்லி மேற்கொண்டு சில டெஸ்டுகள் செய்தபோது, என் ட்யூபில் இருந்தது அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்றுதான் தெரிந்தது. சிட்ரோபேக்டர் கோஸரி. சிட்ரேட் டெஸ்டைக் கண்டுபிடித்த கோஸரின் பெயரையே தாங்கி நிற்கும் பாக்டீரியா! அவர் டெஸ்டின் முடிவை மறைத்து அதற்கு வேறு பெயர் எழுதப் பார்த்திருக்கிறேன் நான்.

இது மார்க்கோடு போகிற விஷயம் அல்ல நண்பர்களே. 1992 கடைசியில் சென்னையில் காலரா போன்ற வயிற்றுப்போக்கு பரவியது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியைச் சோதித்தால், பயோகெமிக்கல் டெஸ்டுகள் எல்லாம் 'விப்ரியோ காலரே' என்றே சொல்லின. ஆனால் பெருங்காலராவுக்குக் காரணமான ஓ1 வகைக்குரிய ஆன்டிசீரத்தைச் சேர்த்தால் கட்டிக்கொள்ளவில்லை. ஓ1 இல்லாத விப்ரியோ கொள்ளைநோயை உண்டாக்காது என்பதுதான் அதுவரை பாடம். 'அப்படியானால் இது காலரா இல்லை' என்று எழுதி மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூடவில்லை. அதே கிருமி கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பரவியது. தெரிந்திருந்த 138 வகைகளில் எதற்கும் பொருந்தாததால், 1993ல் 139வது வகையாக அறிவிக்கப்பட்டது. ஓ139 என்று உலகப் பாடநூல்களில் இன்று நாம் படிப்பது, முதலில் நம் சென்னையில் தலைகாட்டிய கிருமிதான்.

இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி லேப்களில் மால்டி-டாஃப் மெஷின் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறது. "அப்புறம் எங்களுக்கு எதுக்கு சார் இம்விக்?" என்று இன்றைய மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மெஷினும் தன்னிடமுள்ள பட்டியலோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்று வந்து நிற்கும்போது, எதிரே இருப்பவருக்கு உள்ளதை உள்ளபடி பார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும். அதை நாம் கற்றது அந்த நாலு ட்யூப்களில்தான்.

ஆகவே தம்பி, தங்கைகளே, ரெக்கார்டில் முதலில் ட்யூபின் நிறத்தை எழுதுங்கள். பெயரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.