ஒரே கூடம், இரு வேளை

'பள்ளி' என்னும் சொல்லுக்குப் படுக்கை, உறங்குமிடம் என்பது பழம்பொருள். சமணத் துறவியர் உறைந்த பள்ளிகளில் கற்பித்தலும் நடந்தமையால் அப்பெயர் கல்விக்கூடத்திற்கு வந்தது என்பர் அறிஞர். தமிழக மலைகளில் பழங்குடிச் சிறார்க்கென அமைந்த அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் பலவற்றைக் கண்டவர்க்கு இச்சொல் வரலாறு வியப்பளிக்காது. பகலில் வகுப்பறை, இரவில் பாய் விரித்தால் அதுவே விடுதி.

இடநெருக்கடி ஏற்பட்டால் சேலத்துச் சமவெளியில் மரத்தடி கைகொடுக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டிலோ வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் அவ்வழியை அடைத்துவிடுகின்றன. இங்கே கூரையே வகுப்பறை.

செலவின்றி இடம் காணும் வழியொன்றை வகுத்தவரும் இம்மாவட்டத்தோடு தொடர்புடையவரே. சேலம் நகராட்சித் தலைவராய் 1917இல் பொறுப்பேற்ற இராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராயிருந்த 1953இல் ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். காலையில் ஓர் அணி, பிற்பகலில் மற்றோர் அணி. அதே சுவர்கள், அதே ஆசிரியர்கள், இரு மடங்கு மாணவர்கள். எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்பது ஏற்பாடு. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் போர்க்கொடி உயர்த்தினர். அவ்வாண்டு ஜூலையிலேயே சட்டமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

அவர் எழுப்பிய வினா பொய்யன்று. நம் மறைபரப்புத் தளங்களிலும் ஞாயிறன்று திருப்பலி நிறைவேறிய கூரைக்கொட்டகையே திங்களன்று பள்ளியாயிற்று. ஒரே இடத்தை இரு முறை பயன்படுத்துவதில் இழிவில்லை. ஆனால் சுவர்களைக் கணக்கிட்டவர், வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை எங்கே செல்லும் என்பதைக் கணக்கிடத் தவறினார் என்றே நாம் கருதுகிறோம். சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820களில், மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் முயற்சியால். அத்தோட்டங்களில் கூலி வேலை செய்வோரின் மகன் தந்தையிடம் எத்தொழிலைப் பயில்வான்? பிறர் நட்ட செடியில் பழம் பறிப்பதைத்தானே! உழவனுக்கும் குயவனுக்குமாவது தொழில் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது.

பின்வந்தவர்கள் பிள்ளையின் நேரத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் கைவைத்தனர். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே நிலமும் பணமும் தளவாடமும் தந்தனர். நடுவணரசின் 1987ஆம் ஆண்டுக் கரும்பலகைத் திட்டம் பள்ளிக்கு இரு அறைகளேனும் வேண்டுமென்றது. (அதுவரை ஓரறைப் பள்ளிகளே மிகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.) 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் வட்டமாய்ப் பாயில் அமர்ந்தனர், கரும்பலகைகள் சுவரின் அடிப்பகுதிக்கு, அவர்கள் கைக்கெட்டும் உயரத்திற்கு, இறங்கி வந்தன. பெஞ்சுகள் அடைத்திருந்த தரையெல்லாம் பிள்ளைகளுக்காயிற்று.

பகலும் இரவும் ஒரே கூடத்தில் கழிக்கும் மலைப்பிள்ளைக்கு அத்தகைய தரை புதிதன்று. விடியலில் பாய்களைச் சுருட்டி மூலையில் சாய்த்த பிறகே அங்கே கணக்குப் பாடம் தொடங்கும். மழை நாட்களில் ஈரப்பாய்கள் உலர்வதற்கும் அக்கூடத்திலேதான் இடம் காண வேண்டும்.