பூனையும் புலனாய்வும்: சிற்றூர்த் துப்பறியும் புனைவும் வட சிலாங்கூர்த் தோட்டப்புற வாசிப்பும்

தமிழ்ப் புனைகதை வரலாற்றை எழுத முற்பட்டோர் துப்பறியும் நாவலைப் பெரும்பாலும் வாசற்படியிலேயே நிறுத்தி வைத்துள்ளனர். 'மலிவு இலக்கியம்', 'பொழுதுபோக்கு எழுத்து' என்னும் இரண்டொரு சொற்களோடு அதனைக் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும், மலேசியத் தோட்டப்புறங்களில் தமிழெழுத்தைக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, பள்ளிப் பாடநூலுக்கு வெளியே விரும்பிப் படித்தது எது என வினவினால், விடை இவ்வகை நாவல்களையே சுட்டும். இக்கட்டுரை துப்பறியும் புனைவின் ஒரு சிறு கிளையை எடுத்துக்கொள்கிறது. சிற்றூர் ஒன்றில் குற்றம் நிகழ்கிறது. காவல் துறையினர் அல்லாத உள்ளூர்வாசி ஒருவர் அதனை ஆராய்கிறார். அவருக்குக் கூர்மதி வாய்ந்த பூனையொன்று துணைநிற்கிறது. மேலைநாட்டில் பெருவழக்கான இவ்வகைப் புனைவு தமிழில் ஏன் வேர்கொள்ளவில்லை என்பதும், அதற்கு நிகரானது நம் மரபில் எங்கே இருக்கிறது என்பதும் இங்கு நோக்கப்படுகின்றன.

துப்பறியும் கதையின் தொடக்கத்திலேயே விலங்கு நுழைந்துவிட்டது. எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட 'ரூ மோர்க் கொலைகள்' நவீன துப்பறியும் சிறுகதையின் தோற்றுவாயாகக் கருதப்படுகிறது. பாரிஸ் நகரத்து வீட்டினுள் இரு பெண்களைக் கொன்றது போர்னியோவிலிருந்து மாலுமி ஒருவன் கொண்டுவந்த ஓராங் ஊத்தான் என்பதே அக்கதையின் முடிச்சு. முதல் துப்பறியும் கதையின் 'குற்றவாளி' நமது பகுதியிலிருந்து சென்றவன் என்பதை மலேசிய மாணவர்களிடம் கூறும்போது வகுப்பில் எழும் சிரிப்பு தனிச்சுவையுடையது. அதே போ 1843இல் எழுதிய 'கரும்பூனை' என்னும் கதையில், மனைவியைக் கொன்று சுவருக்குள் வைத்துப் பூசியவனை, உடன் அடைபட்ட பூனையின் குரலே காட்டிக்கொடுக்கிறது. பூனை இங்குத் துப்பறிவதில்லை, சாட்சியாக நிற்கிறது.

சாட்சியாக நின்ற பூனையைத் துப்பறியும் நிலைக்கு உயர்த்தியவர்களுள் அமெரிக்க எழுத்தாளர் லிலியன் ஜாக்சன் பிரவுன் முதன்மையானவர். அவர் வளர்த்த சயாம் பூனை மாடியிலிருந்து விழுந்து இறந்தது. அது தள்ளிவிடப்பட்டதோ என்னும் ஐயமே அவரது முதற்கதைக்கு வித்தாயிற்று. 1966 முதல் 1968 வரை மூன்று நாவல்களை வெளியிட்ட பின் பதினெட்டு ஆண்டுகள் இத்தொடர் நின்றுபோயிற்று. 1986இல் மீண்டும் தொடங்கி, 2011இல் அவர் மறைவதற்குள் இருபத்தொன்பது நாவல்களாக வளர்ந்தது. நகரத்துச் செய்தியாளராகத் தொடங்கிய கதைத்தலைவர் பிற்பாடு சிற்றூர் ஒன்றில் குடியேறுகிறார். கோக்கோ, யம்யம் என்னும் இரு சயாம் பூனைகள் அவருடன் வாழ்கின்றன. 1990 முதல் வெளிவந்த ரீட்டா மே பிரவுன் அவர்களின் நாவல்களில், தம் பூனையையே இணையாசிரியராக அட்டையில் குறிப்பிட்டிருப்பதைக் காணலாம். ஜப்பானில் அக்காகாவா ஜிரோ 1978இல் தொடங்கிய தொடரில் துப்பறிவது மூவண்ணப் பூனையொன்று. அதன் பெயர் ஹோம்ஸ்.

இப்புனைவுகளில் நோக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. ரீட்டா மே பிரவுனின் பூனைகள் தமக்குள் பேசிக்கொள்ளும். மனிதர்க்கு அது விளங்காது. கோக்கோ பேசுவதேயில்லை. ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து தள்ளிவிடும். ஓரிடத்தில் விடாது முகர்ந்து நிற்கும். அறிவு ஓரிடத்திலும் பேச்சு வேறோரிடத்திலும் இருக்கின்றன. உண்மையை அறிந்தது பேச இயலாதது. பேச இயன்றவர் உண்மையை அறியாதவர். இவ்விடைவெளியே இந்நாவல்களின் இயக்கவிசை எனலாம்.

தமிழ் மரபில் பூனை

தொல்காப்பிய மரபியலும் சங்கச் செய்யுள்களும் வெருகினை அறியும். ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகைப் பாடலில் மாலைப்பொழுதில் வேலியோரம் வந்த வெருகைக் கண்டு கோழிப்பேடை அஞ்சுகிறது. கம்பர் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டுக்கொள்கிறார். ஆனால் நம் கதைமரபிலும் வழக்கிலும் பூனை ஏற்கும் தலையாய வேடம் ஐயத்திற்குரியவர் என்பதே. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்னும் பழமொழியைச் சற்று ஆராய்ந்தால், சிற்றூர்த் துப்பறியும் நாவலின் இலக்கணம் முழுவதும் அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். எவர்மீது ஐயம் எழவில்லையோ அவரையே ஐயுற வேண்டும் என்பது அகாதா கிறிஸ்டி தம் செயின்ட் மேரி மீட் சிற்றூரில் நாவலுக்கு நாவல் கையாண்ட உத்தி. நம் பாட்டிமார் அதனை ஒரு வரியில் வைத்திருந்தனர்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்னங்கால்களை உயர்த்தித் தவமியற்றும் பூனையையும் அதனருகே எலிகளையும் காணாதவர் அரியர். இப்பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்தில், துரியோதனன் உலூகன் வாயிலாக விடுத்த தூதுமொழியில் வருகிறது. கங்கைக் கரையில் தவம்புரிவதாக நடித்த பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புகுகின்றன. நாளடைவில் பூனை கொழுக்கிறது; எலிகளின் தொகை குறைகிறது. டிண்டிகன் என்னும் எலி பூனையுடன் தனியே சென்று மீளவில்லை. அப்பொழுது கோலிகன் என்னும் முதிய எலி தன் கூட்டத்தாரிடம் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. பூனையின் உடல் பெருக்கிறது, நம் எண்ணிக்கை சுருங்குகிறது. டிண்டிகனைச் சில நாள்களாகக் காணோம். எல்லாவற்றுக்கும் மேலாக, கனியும் கிழங்கும் உண்பதாகச் சொல்லிக்கொள்பவரின் கழிவில் மயிர் எவ்வாறு காணப்படும்? ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இத்தகைய தடய ஆய்வு நம் கதைமரபில் இடம்பெற்றுவிட்டது. மேலைப் புனைவில் பூனை துப்பறிகிறது. நம் மரபில் துப்பறிவது எலி. பூனையால் உண்ணப்படும் நிலையிலுள்ளவரே பூனையின் கழிவை ஆராயத் தேவையுடையவர் ஆகின்றனர். இவ்வேறுபாட்டைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

மரியாதைராமன் தீர்த்த வழக்குகளுள் பூனை நேரடியாகத் தொடர்புபட்டது ஒன்றுண்டு. பருத்தி வணிகர் நால்வர் கூட்டாகப் பூனை வளர்க்கின்றனர். கிடங்கில் எலித்தொல்லை என்பதே காரணம். ஆளுக்கொரு கால் எனப் பங்கும் பிரித்துக்கொள்கின்றனர். ஒரு காலில் காயம்படுகிறது; அக்காலுக்குரியவர் எண்ணெய்த் துணி சுற்றுகிறார். அத்துணியில் தீப்பற்ற, மிரண்ட பூனை பருத்திப் பொதிகளுக்குள் ஓடிக் கிடங்கே எரிந்துபோகிறது. மற்ற மூவரும் அவர்மீது வழக்கிடுகின்றனர். காயம்பட்ட காலால் பூனை ஓடியிருக்க இயலாது. அதனைப் பருத்திக்குள் சுமந்து சென்றவை நல்ல கால்கள் மூன்றுமே. ஆகவே மூவருமே நான்காமவர்க்கு இழப்பீடு தரவேண்டும் என்பது தீர்ப்பு. தெலுங்கிலும் இம்மரியாதைராமன் உண்டு. இக்கதையில் சட்ட நுணுக்கத்தைக் காட்டிலும் கருதத்தக்கது நிகழ்வை மறுகட்டமைக்கும் முறை. நடுவர் சாட்சிகளின் சொல்லை விடுத்து, பூனையின் உடலியக்கத்தைக் கொண்டு முடிவுக்கு வருகிறார். நான்கு வணிகர், ஒரு கிடங்கு, ஒரு பூனை; அனைவரும் அனைவரையும் அறிந்த சிற்றூர். இதற்கு மேல் சிற்றூர்த் துப்பறியும் புனைவுக்கு வேண்டுவன யாவை?

வெளியிலிருந்து வந்தவர்

அச்சேறிய தமிழ்த் துப்பறியும் புனைவு இம்மரபிலிருந்து கிளைக்கவில்லை என்பது வியப்பிற்குரியது. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட 'தானவன்' கதைகள் தலைப்பிலேயே போலீஸ் நிபுணன் ஒருவனை முன்னிறுத்துகின்றன. ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸ் கதைகளையும் ரெயினால்ட்ஸ் நாவல்களையும் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு அவர்களின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் பெரும்புகழ் பெற்றனர். சாமியார் கதை 1950இல் எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றிய திரைப்படமாகவும் வந்தது. தேவன் 1942இல் ஆனந்த விகடனில் படைத்த சாம்பு ஒருவரே இவ்வரிசைக்கு விலக்கு. வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, அறியாமலேயே உண்மையைத் தொட்டுவிடும் சாம்புவிடம் கோக்கோவின் சாயல் சற்று உண்டு. பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்க் கோப்பையோடு உலக நகரங்களுக்குப் புறப்பட்டுவிட்டார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்குரைஞர்கள். சுருங்கக் கூறின், தமிழ் வாசகர் பெற்ற துப்பறிவாளர் பெரும்பாலும் வெளியிலிருந்து, கல்வியோடும் அதிகாரத்தோடும் வந்திறங்குபவர்.

இப்புத்தகங்கள் வட சிலாங்கூரில் எத்தகைய சூழலில் படிக்கப்பட்டன என்பதை நோக்குதல் வேண்டும். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஆன்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் வணிக முறையில் செம்பனை பயிரிட்டார். நாட்டின் செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். தென்னையின் பெயர்தாங்கிய தோட்டத்தில் செம்பனை வரலாறு தொடங்கியது ஒரு விந்தை. அவர் பின்னாளில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. மலேசியாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளிவந்ததும் அதே 1917ஆம் ஆண்டே.

ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பின் கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. ஒரே வட்டாரத்தார், ஒரே லயத்தில், ஒரே பெரட்டுக் களத்தில் வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் பார்த்தவண்ணம் இருந்தனர். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மருந்தகம், கிராணியார் வீடு, துரை பங்களா என இடங்கள் எண்ணிவிடத்தக்கவை. கிறிஸ்டியின் சிற்றூரைக் காட்டிலும் நெருக்கமான களம் இது. ஒட்டுப்பால் திருடுபோனதும், கோயில் உண்டியல் உடைந்ததும், கோழி காணாமற்போனதும் யாரால் என்பதை லயத்தில் அறியாதவர் இரார். எனினும் இக்களத்திலிருந்து உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவரை நடுவாகக் கொண்ட நாவல் மரபு உருவாகவில்லை.

எழுத்தாற்றல் குறைவு இதற்குக் காரணமாகாது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதைவகுப்புக்குப் பிறகு எழுதுவோர்க்குப் பஞ்சமிருந்ததில்லை. காரணம் விசாரணையின் உரிமை எவரிடம் இருந்தது என்பதில் உள்ளது. தோட்டத்தில் குற்றம் நிகழ்ந்தால் விசாரிப்பவர் துரை; எழுதிக்கொள்பவர் கிராணி; ஆளைக் கொண்டுவந்து நிறுத்துபவர் கங்காணி. அதற்கு மேற்பட்டால் போலீஸ். தொழிலாளி அறிந்தது வாக்குமூலமாக ஆவதற்கு இத்தனை வாய்களைக் கடக்க வேண்டியிருந்தது. பேசியவரின் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன; வேலை போனால் லயத்து அறையும் போகும். கோலிகனுக்குத் தன் கூட்டத்திடம் பேசும் வாய்ப்பேனும் இருந்தது. மேலைச் சிற்றூரின் ஓய்வுபெற்ற மூதாட்டி துப்பறிவதற்கு முதல் தகுதி அவரது கூர்மதியன்று. அவர் வாழும் வீடு அவருடையது என்பதே என்று கூறத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வரும் கோவிந்தனையும் சங்கர்லாலையும் தோட்டத்து வாசகர் விரும்பியதற்கும் இதுவே அடிப்படை. துரைக்கு அஞ்சாமல் வினவக்கூடிய தமிழர் ஒருவரைக் கதையிலேனும் காணமுடிந்தது.

இத்துறையில் பணியாற்றும் நம்மில் சிலர் இந்நாவல்களைத் தப்பித்தல் வாசிப்பு என ஒதுக்கியதுண்டு. மாணவனாக இருந்த காலத்தில் இக்கட்டுரையாளரும் அவ்வாறே எழுதியிருக்கிறார். இன்று அக்கருத்தை ஏற்பதற்கில்லை. கோலசிலாங்கூருக்கும் சுங்கை பெசாருக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் 1980களின் இறுதியில், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் லயத்துக்கு லயம் கைமாறி வந்ததை அவர் கண்டிருக்கிறார். பல கை மாறி வருவதால் கடைசிப் பக்கங்கள் பெரும்பாலும் கிழிந்திருக்கும். கொலையாளி யார் என்பதை வாசித்தோர் கூடி முடிவுசெய்ய நேர்ந்தது. மாலையில் குழாயடியில் நிகழ்ந்த அவ்விவாதங்களில், நூலில் வரும் இன்ஸ்பெக்டரைக் காட்டிலும் நுட்பமாகக் காரணம் காட்டியவர்கள் பால்மரம் வெட்டிய பெண்களே. எழுதப்படாத சிற்றூர்த் துப்பறியும் மரபு அங்கே வாய்மொழியாக வாழ்ந்தது என்பது என் துணிபு.

அக்களம் இன்று பெரிதும் இல்லை. இரப்பர் செம்பனையாயிற்று, உள்ளூர்த் தமிழர் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர், பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. செம்பனைக் காட்டில் எலியை ஒழிக்க இப்போது கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைக்கின்றனர். லயத்துப் பூனைகளின் வேலையும் போயிற்று. குழாயடி விவாதங்களில் பங்குகொண்ட பெண்கள் எழுபது, எண்பது வயதைத் தொட்டுவிட்டனர். கிழிந்த பக்கங்களுக்கு அவர்கள் சொன்ன முடிவுகளை ஒலிப்பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதற்கு நிதியுதவியைக் காட்டிலும், மாணவர்கள் சனிக்கிழமைகளில் தத்தம் பாட்டி வீட்டுக்குச் செல்வதே முதற்கண் வேண்டுவது.

அவ்வாறு செல்வோர் பருத்தி வணிகர் கதையையும் கேட்டுப் பார்க்கலாம். அச்சிட்ட தொகுப்புகளில் தீர்ப்போடு கதை முடிந்துவிடும். காலில் தீப்பற்றிய பூனை என்ன ஆயிற்று என்று நூலில் எவரும் வினவுவதில்லை. இக்கட்டுரையாளர் சிறுவயதில் தம் பாட்டியிடம் அதனை வினவியிருக்கிறார். அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "அதுக்கென்ன, மூனு காலோட அடுத்த லயத்துக்குப் போயிருக்கும். அங்கயும் எலி இருக்குல்ல."